காப்புக் கட்டும்வரை

ஜெர்மனியில் என் முதல் சண்டை ரொட்டியோடுதான். எர்லாங்கன் விருந்தினர் விடுதியில் காலை உணவுக்குக் கறுப்பு ரொட்டி வைத்திருந்தார்கள். அதை அறுக்க ரம்பம் மாதிரி பல் வைத்த ஒரு கத்தி. பாதி அறுத்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்து மேசையில் எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் அதே ரொட்டியை வெண்ணெய் தடவி, நாம் பஞ்சுமிட்டாய் தின்பதைப்போலத் தின்றுகொண்டிருந்தார்.

நான் நாகர்கோவில்காரி. இறையியல் கல்லூரி ஒன்றில் எபிரேய மொழியும் பண்டைய இஸ்ரவேலரின் வழிபாட்டு முறைகளும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் காலத்து எருசலேம் ஆலயத்தில் பன்னிரண்டு அப்பங்களை ஒரு மேசைமேல் அடுக்கி வாரம் முழுக்க வைத்திருப்பார்கள். ஓய்வுநாள் வந்ததும் புதியதை வைத்துவிட்டுப் பழையதை ஆசாரியர்கள் தின்ன வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக இதை வகுப்பில் சொல்லிவருகிறேன். வாரம் ஆன ரொட்டி எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எர்லாங்கனில் யோசித்தேன். அந்த ஆசாரியர்களின் பற்களை நினைத்துப் பரிதாபமாக இருந்தது.

என் தங்கை மகன் செல்வின் இந்த ஊரில்தான் ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தில் பொறியாளன். ஊர் முழுக்க சைக்கிள். நாகர்கோவிலில் தெருமுனைக் கடைக்குக்கூட பைக் இல்லாமல் போகாத பையன், இங்கே முதுகில் மூட்டையும் தலையில் ஹெல்மெட்டுமாக மழையில் மிதித்துக்கொண்டு வந்து நின்றான். "கார் வேஸ்ட் பெரியம்மா. பார்க்கிங் கிடைக்காது. ஹெல்த்துக்கும் சைக்கிள்தான் பெஸ்ட்" என்றான். இதையே அவன் அம்மா தொண்டை வறளச் சொன்னபோது காதில் வாங்கவில்லை.

மறுநாள் கருத்தரங்கு. நான் வந்த வேலையே அதுதான். பண்டைய இஸ்ரவேலின் ஆசாரியர்களைப் பற்றிப் பல நாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் கூட்டம். என் கட்டுரை, ஆலயத்தில் ஓர் ஆசாரியனின் ஒரு நாளைப் பற்றியது. நம் ஊரில் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆசாரியன் என்றால் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறவர். உண்மையில் அந்த வேலை பாதி சமையற்கட்டு, பாதி கசாப்புக்கடை. விடிந்ததும் பலிபீடத்துச் சாம்பலை அள்ள வேண்டும். அள்ளியதும் உடுப்பை மாற்றிக்கொண்டு, அதை வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். விறகு அடுக்க வேண்டும், நெருப்பு அணையவே கூடாது. காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி. விளக்கைத் தூண்ட வேண்டும், தூபம் போட வேண்டும். எல்லாம் வெறுங்காலோடு. வேலை நேரத்தில் திராட்சை ரசத்தை வாயில் வைக்கக் கூடாது. இவ்வளவுக்கும் சொந்த நிலம் கிடையாது. பலியில் வரும் பங்குதான் சாப்பாடு.

கடைசிப் பகுதியில் பிரதான ஆசாரியனைப் பற்றிச் சொன்னேன். சாதாரண ஆசாரியன், பெற்றவர், பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று மிக நெருங்கிய உறவு செத்தால் மட்டும் பிணத்தருகே போகலாம், அந்தத் தீட்டை ஏற்கலாம். பிரதான ஆசாரியனுக்கு அதுவும் இல்லை. தலையில் அபிஷேக எண்ணெய் ஊற்றப்பட்டவன் அவன். பெற்ற தாயே இறந்தாலும் தலைமயிரை விரித்துப் போடக் கூடாது, துணியைக் கிழித்துக்கொள்ளக் கூடாது, ஆலயத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் இரண்டு மகன்கள் ஒரே நாளில் நெருப்பில் மாண்டபோது அவன் வாயே திறக்கவில்லை என்பது பழைய கதை. மரணமும் எட்ட முடியாத உயரத்தில் அவனை வைத்திருந்தார்கள், இது பதவியின் மகிமை என்று கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு முடித்தேன்.

உடனே அறை முழுக்க 'டொக் டொக்' என்று சத்தம். யாரோ கோபமாகக் கதவைத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இங்கே பல்கலைக்கழகத்தில் கைதட்டுவதில்லையாம். முட்டியால் மேசையைத் தட்டுவார்களாம். பாராட்டு என்று தெரிந்ததும் சிரித்து வைத்தேன்.

கூட்டத்தை நடத்திய பேராசிரியர் நரைத்த தாடிக்காரர், பனைமர உயரம். எழுந்து, மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சட்டத்துக்குள் வாழ்ந்த மனிதனுக்கும் அது மகிமையாகத்தான் இருந்ததா?"

"அதைப் பற்றி மூலநூல் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். இது எங்கள் தொழிலில் எல்லோரும் ஒளிந்துகொள்ளும் கதவு.

"நூல் சொல்லாது, சரி. எங்கள் நாட்டில் கேட்டுப் பார்க்கவும் ஆளில்லை. எங்களிடம் இருப்பவர்கள் போதகர்கள். உங்கள் ஊரில் கருவறை, நெருப்பு, தீட்டு என்று வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களே. அவர்களில் ஒருவரை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பெரிய கோவில் இருக்கிறது. தேர் ஓடும் நாளில் பேருந்து கிடைக்காது என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கட்டுரைகளைத் தொகுத்து அச்சிடப் போகிறார்கள். ஊருக்குத் திரும்புமுன் கடைசிப் பகுதியைத் திருத்தித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்றிரவு விருந்தில் வெள்ளை அஸ்பாரகஸ். இந்த மாதங்களில் ஜெர்மானியர்களுக்கு அதன்மேல் ஒரு வெறி. பார்க்க, தோல் சீவிய முருங்கைக்காய் மாதிரியே இருந்தது. கை தானாக வேலை செய்துவிட்டது. ஒன்றை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்து இழுத்துச் சாறை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். "அதை முழுதாகவே சாப்பிடலாம்" என்றார் பேராசிரியர், ஏதோ இரங்கல் செய்தி சொல்லும் குரலில்.

யாரைப் போய்க் கேட்பது என்று யோசித்தபோது பேர்லின் ஞாபகம் வந்தது. என்னிடம் படித்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியின் மச்சாள், அதாவது அண்ணன் மனைவி, சிவமலர், அங்கே நொய்கெல்ன் பகுதியில் ஒரு முருகன் கோவிலுக்கு எல்லாமுமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அழைத்துப் பேசினேன். "வாங்கோ ரீச்சர், வாங்கோ. நாளையிண்டைக்குக் கொடியேற்றம். இதை விட நல்ல நேரம் கிடையாது" என்றார்.

ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று சின்ன வயதில் பாடப்புத்தகம் அளவுக்கு நம்பியவள் நான். வந்த ரயிலில் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் இருந்தன. என் இருக்கையைத் தேடி ரயிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். உட்கார்ந்ததும் ரயில் ஒரு காட்டுக்குள் போய் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒருவர் ஏதோ சொன்னார். பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது.

எதிரில் மடியில் நாயோடு ஒரு பெண்மணி. "சிக்னல் கோளாறாம்" என்று எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். சற்று நேரத்தில் அடுத்த அறிவிப்பு. "இப்போது தண்டவாளத்தில் ஆட்களாம்." மூன்றாவது அறிவிப்பில் பெட்டியே சிரித்தது. "அடுத்து ஓட்ட வேண்டிய ஓட்டுநர் வரவில்லையாம். அவர் வரும் ரயிலும் தாமதமாம்." இதற்குமேல் பொறுக்க முடியாமல் நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். நாயின் சொந்தக்காரி ஒரு துண்டு கடித்து, யோசித்து, மீதியை நாய்க்குக் கொடுத்தார். அதன் பிறகு பேர்லின் வரும்வரை அந்த நாய் என்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

சிவமலர் அக்கா விடிகாலையில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போகிறார். அங்கிருந்து நேரே கோவில் சமையல். நடுவில் எப்போது தூங்குகிறார் என்று தெரியவில்லை. அன்றிரவு எனக்குப் புட்டு. எங்கள் ஊர்ப் புட்டு குழாயிலிருந்து கம்பு மாதிரி வந்து விழும். இவர்கள் மாவைக் கொத்திக் கொத்தி உதிரியாக்கி, ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் வைத்து அவிக்கிறார்கள். "உங்கட புட்டை வெட்டித்தான் சாப்பிடவேணும் போல" என்று அக்கா சிரித்தார். ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே, நானும் கொஞ்சம் வாதாடினேன். ஆனால் மூன்றாம் முறை தட்டை நீட்டியதும் வாதத்தில் யார் வென்றது என்பது தெரிந்துவிட்டது.

மறுநாள் மதியம் கோவிலுக்குப் போனோம். கார் திருத்தும் பட்டறை ஒன்றைத் தாண்டி, ஒரு முற்றத்துக்குள் நுழைந்தால் பழைய கிடங்கு. அதுதான் கோவில். உள்ளே கருங்கல் முருகன், பித்தளைக் கொடிமரம், வாழை, தோரணம். வெளியே செருப்பு அடுக்கும் தட்டுகளும், இங்கே தோட்டங்களில் போடுகிற நீளமான மரப் பெஞ்சுகளும். பட்டறைக்காரர் ஒருவர் எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்து, "இந்த வருடமும் பாயசம் உண்டுதானே?" என்று ஜெர்மனில் கேட்டுவிட்டுப் போனதாக அக்கா சொன்னார்.

பெஞ்சில் உட்கார்ந்து தர்ப்பையை முறுக்கிப் பவித்திர மோதிரம் செய்துகொண்டிருந்தவர்தான் குமரேசக் குருக்கள். ஐம்பது தாண்டியவர். வெற்றுடம்பின்மேல் குளிருக்கு ஒரு சிவப்புப் பனிக்கோட்டு. நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று தெரிந்ததும் கேள்விகளை அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"உங்கட ஆரோன் ஐயருக்குச் சம்பளமோ, தட்டுக் காசோ?"

"பலியிடும் ஆட்டில் நெஞ்சும் தொடையும் பங்கு, ஐயா."

அவர் முகம் ஒரு மாதிரியானது. "அது எங்களுக்குச் சரிவராது ரீச்சர். காணி பூமி?"

"ஒன்றும் கிடையாது."

"அப்ப எங்கட ஆக்கள்தான்" என்று மோதிரத்தை இறுக்கினார். "அந்தக் கோவில் இப்பவும் இருக்குதோ?"

"இல்லை. இரண்டு முறை இடித்துவிட்டார்கள்."

"அப்ப ஐயர்மார் என்ன செய்தவை? ஊர் ஊரா அகதியாப் போச்சினமோ?"

"பலர் போனார்கள்."

"என்ன வேலை செய்து சீவிச்சவை?" என்று கேட்டார். "நான் இங்க வந்த புதுசில ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவினனான். சூடான தண்ணிதானே, பனிக்கு நல்லது" என்று அவரே சிரித்து எனக்கு வழி விட்டார்.

மனிதர் இவ்வளவு கலகலப்பாக இருக்கிறாரே, இதுதான் நேரம் என்று நினைத்தேன். "ஐயா, உங்களுக்கு நெருங்கிய ஒருவர் இறந்தால்..." என்று தொடங்கியதும், சிவமலர் அக்கா எங்கிருந்தோ பாய்ந்து வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

"ஐயோ ரீச்சர், இண்டைக்கு மட்டும் அந்தக் கதையை எடுக்காதேங்கோ!"

பிறகு, வெங்காயம் இல்லாத சாம்பார் கொதிக்கக் கொதிக்க, விஷயத்தைச் சொன்னார். குருக்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெரியப்பா. அவரும் பெயர் பெற்ற குருக்கள்தான். தகப்பன் இல்லாத இவரை வளர்த்தவர். தொண்ணூறைத் தாண்டியவர், இரண்டு நாளாகச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. அவர் போய்விட்டார் என்ற சேதி இவர் காதில் விழுந்தால் அந்த நிமிடமே துடக்கு. நாங்கள் தீட்டு என்பதை அவர்கள் துடக்கு என்கிறார்கள். துடக்கு வந்தால் இவர் கோவில் வாசலையும் மிதிக்கக் கூடாது. திருவிழா நின்றுவிடும்.

"வேறு குருக்கள் கிடைக்க மாட்டாரா?"

"கோடையில ஐரோப்பா முழுக்கத் திருவிழா. ஒரு ஐயரும் சும்மா இல்லை. உதவிக்கு வந்திருக்கிற பொடியனுக்கு இன்னும் ஆசாரிய அபிஷேகம் ஆகேல்லை, அவர் கொடியேத்த ஏலாது. தேர் தெருவில இழுக்கிறதுக்கு அன்ட்ராக் எண்டு விண்ணப்பம் போட்டு, டெர்மின் எண்டு நாள் வாங்க அலைஞ்சு, ஒரு வருசம் எடுத்தது ரீச்சர். திரும்பக் கேட்டாத் தருவினமோ?"

"அப்படியானால் என்ன வழி?"

"இண்டைக்குப் பின்னேரம் ஐயாவுக்குக் காப்புக் கட்டினால் காணும். மஞ்சள் நூல் கையில ஏறிட்டுதெண்டா, பிறகு ஆர் செத்தாலும் அவருக்குத் துடக்கில்லை. கடைசி நாள் தீர்த்தம் முடிஞ்சு காப்பு அவிழ்க்கும் மட்டும் அவர் சாமிக்குத்தான் சொந்தம்."

அபிஷேகம் பெற்றவன், உறவு செத்தாலும் தீட்டில்லாதவன், ஆலயத்தைவிட்டு அசையாதவன். எர்லாங்கனில் மேசையைத் தட்ட வைத்துவிட்டு வந்த அதே சட்டம், இங்கே சாம்பார் மணத்துக்கு நடுவில் உயிரோடு நின்றது. எங்கள் தமிழ் வேதத்திலும் அவன் பெயர் ஆசாரியன்தான்.

அக்கா மடியிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து என் கையில் வைத்தார். "இது ஐயாவின்ர. காலமை அவரே தந்தவர், காப்புக் கட்டும் மட்டும் தன்னட்டைத் தரவேண்டாமெண்டு. என்ர முகத்தில ஒண்டும் ஒளிக்க ஏலாது. கேட்டனெண்டா அழுதிடுவன், அவர் கண்டிடுவார். நீங்கள் வேதக்காரர். உங்கட முகம் அவருக்குப் பழக்கமில்லை. வச்சிருங்கோ."

இப்படியாக, கிறிஸ்தவக் கல்லூரி ஆசிரியை ஒருத்தி, பேர்லின் முருகன் கோவிலின் திருவிழாவை மடியில் வைத்துக்கொண்டு, செருப்புத் தட்டுகளுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முதல் அழைப்பு வந்தது. ஒரு ஜெர்மன் குரல் எதையோ விற்பதுபோல மூச்சுவிடாமல் பேசியது. எனக்குத் தெரிந்த ஒரே பதிலான 'நைன்', அதாவது 'இல்லை', என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்தது ஒரு தமிழர் பூக்கடை. மாலைக்கு ரோஜா போதுமா என்று கேட்டார்கள். போதும் என்று நானே முடிவெடுத்துவிட்டேன். சரியாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

பின்னேரம் ஆனது. வெயில் இன்னும் நடுமதியம் போல முற்றத்தில் கிடந்தது. சனம் வரத் தொடங்கிவிட்டது. ஆனால் மேளக்காரர்கள் வரவில்லை. டென்மார்க்கிலிருந்து வரும் நாதஸ்வரமும் தவிலும் ஏதோ ஒரு காட்டுக்குள் நிற்கும் ரயிலில் இருந்தார்கள். மேளம் இல்லாமல் காப்புக் கட்ட முடியாது. சிவமலர் அக்கா முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நடக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் என் மடியைப் பார்த்தார்.

அப்போது கைபேசி அடித்தது. இலங்கை எண்.

எடுக்காமல் விட்டேன். நின்றது. மறுபடி அடித்தது. முற்றத்தின் மூலைக்குப் போய் எடுத்தேன்.

"நான் அவற்ர பெரியப்பாவின்ர மகள் கதைக்கிறன். அப்பா இப்பதான் கண் முழிச்சவர். கதைக்கவேணுமெண்டு நிக்கிறார்" என்றது ஒரு பெண்குரல். பிறகு மூச்சிரைப்பு. பிறகு, மெலிந்த, ஆனால் உச்சரிப்புப் பிசகாத ஒரு குரல்.

"காப்புக் கட்டியாச்சோ?"

"இன்னும் இல்லை ஐயா. குருக்கள் உள்ளே இருக்கிறார். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆசிரியை."

"ஏன் சுணக்கம்?"

"மேளக்காரர் வரும் ரயில் தாமதம்."

"ஜேர்மனியிலயோ?" என்று ஆச்சரியப்பட்டார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சரி. அப்ப நான் இருக்கிறன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டேன். கிழவர் சாவை நிறுத்தி வைத்திருந்தார். தன்னால், தான் வளர்த்த மகனுக்குத் துடக்கு வந்து கோவிலில் கொடி ஏறாமல் போய்விடக் கூடாது என்று, நூல் கட்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கட்டினவுடனை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ பிள்ளை."

"சொன்னால் என்ன செய்வீர்கள் ஐயா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"போற ஆள் நேரம் பாக்கவேண்டாமே?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்து இணைப்பு அறுந்தது.

மேளக்காரர்கள் டாக்ஸியிலிருந்து தவிலை இறக்கியபோது முற்றமே கைதட்டியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசிக்க ஆரம்பித்தார்கள். தட்டில் பச்சரிசி, தேங்காய், மஞ்சள் பூசிய நூல். முதலில் முருகனுக்குக் கட்டினார்கள். பிறகு உதவிக்கு வந்த இளம் ஐயர் குமரேசக் குருக்களின் வலது மணிக்கட்டில் கட்டினார். மூன்று முடிச்சு விழுந்ததும் அக்கா என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். கோவில் பிழைத்துவிட்டது. எனக்கும் மகிழ்ச்சிதான்.

ஆனால் கைபேசி என் கையில் கனத்தது. கிழவர் கேட்ட அந்த ஒரு சொல் பாக்கி. அதைச் சொன்னால் ஒரு மனிதர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார். முன்பின் பார்த்திராத ஒருவரைப் போகலாம் என்று அனுப்பி வைக்க நான் யார்? பொய் சொல்லவும் மனம் வரவில்லை. பூசை முடிந்து குருக்கள் வெளியே வந்ததும் நேரே போய்க் கைபேசியை நீட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இனி எதைக் கேட்டாலும் அவருக்குத் துடக்கில்லை அல்லவா.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மதியத்திலிருந்து நான் பார்த்த மனிதர் வேறு, இப்போது நின்றவர் வேறு. பெஞ்சில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினார். கையெல்லாம் சந்தனம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தார். நான் நகரப் பார்த்தேன். "இருங்கோ ரீச்சர்" என்றார்.

"பெரியப்பா, குமரன் கதைக்கிறன். கட்டியாச்சு."

"வலக்கையிலதானே?"

"ஓம்."

"நல்லது. இனி ஒரு கரைச்சலும் இல்லை. நீ உன்ர வேலையைப் பார். நான் என்ர அலுவலைப் பாக்கிறன்."

"ஏலாது, பெரியப்பா."

"என்னடா ஏலாது?"

"காப்போட நிக்கேக்க நீங்கள் போனா எனக்குத் துடக்கில்லை. துடக்கில்லாட்டி எனக்கு ஒண்டுமேயில்லை. குளிச்சுப்போட்டு உள்ளுக்கை போய்ப் பூசை செய்யவேணும். வாற சனத்துக்குச் சிரிச்ச முகத்தோட விபூதி குடுக்கவேணும். உங்களுக்கு அழாமல் அப்பிடி நிக்க என்னால ஏலாது." சந்தனக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தீர்த்தம் முடிஞ்சு நான் இதை அவிழ்க்கும் மட்டும் பொறுங்கோ. அதுக்குப் பிறகு எனக்கு முழுத் துடக்கும் வேணும். ஒரு நாள் குறையாமல் வேணும்."

ஆரோன் வாய் திறக்கவில்லை என்பதை நான் எத்தனையோ வகுப்புகளில் உயர்ந்த பக்திக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். திறக்க விட்டிருந்தால் அந்த மனிதன் இதைத்தான் கேட்டிருப்பான் என்று இப்போது தோன்றியது. பேராசிரியருக்குத் தர வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, பக்கத்தில் நின்ற சிவமலர் அக்காவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மடியில் இருந்த கைபேசியிலிருந்து மூச்சிரைப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. குருக்கள் குனிந்து, "பெரியப்பா?" என்றார்.

அந்தப் பக்கத்தில் கிழவர் மகளைக் கூப்பிடுவது கேட்டது.

"பிள்ளை, கஞ்சி ஏதும் கிடக்கோ? உப்புப் போட்டுக் கொண்டா."